கண்ணகியின் பெயரால்

சென்னைக்குப் போய்த் திரும்பும் நம்மவரிடம் அந்நகரைப் பற்றிக் கேட்டால், எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் ஒப்புவிப்பர்: மயிலாப்பூர்க் கோபுரம், மார்கழிக் கச்சேரி, தியாகராய நகர்ப் பட்டுக்கடை, புத்தகக் கண்காட்சி, கடற்கரையிலே வரிசையாக நிற்கும் தமிழ்ச் சான்றோர் சிலைகள். இலக்கிய ஆர்வலராயின் இரண்டொரு பதிப்பாளரையும் எழுத்தாளரையும் கண்டு பேசிய பெருமை இதனோடு சேரும். இவையெல்லாம் பார்க்கத் தகாதவை என்பது நமது வாதமன்று. ஆயின், கோபுர வீதியைக் கூட்டுபவள், சபா மண்டபத்து இருக்கைகளைத் துடைப்பவன், புத்தக மூட்டையைத் தலையிலே சுமப்பவன் ஆகியோர் இரவிலே எங்கே போய்ப் படுக்கிறார்கள் என்று நாம் என்றாவது கேட்டதுண்டா? அந்த வினாவைக் கேளாதவரையில், நாம் பார்த்தது சென்னையின் முகப்பை மட்டுமே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அண்மையில் அந்நகருக்குச் சென்றிருந்த நாம் கண்ணகி நகரைப் பார்க்கப் போனோம். உண்மையைச் சொல்வதானால், அங்கே வாழும் மக்களைத் தேடி நாம் புறப்படவில்லை. “சுவர் முழுவதும் ஓவியம் தீட்டி வைத்திருக்கிறார்கள், அவசியம் பார்க்க வேண்டும்” என்று இலக்கிய நண்பரொருவர் சொன்ன சொல்லே நம்மை அங்கு இழுத்துச் சென்றது. ஓவியம் பார்க்கப் போன இடத்திலே வேறொன்றைப் பார்த்தோம். அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

அடையாற்றைத் தாண்டித் தெற்கே போகும் பழைய மகாபலிபுரம் சாலைக்கு இன்று இராஜீவ் காந்தி சாலை என்று பெயர். அதன் தொடக்கத்திலே, தரமணியில், டைடல் பூங்கா என்னும் கணினித் தொழில் மாளிகை நிற்கிறது. 2000 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நாட்டின் பிரதமரே வந்து திறந்து வைத்த கட்டடம் அது. அதற்குத் தெற்கே இருமருங்கிலும் கண்ணாடி மாளிகைகள் எழுந்து நிற்கின்றன. ஒக்கியம் துரைப்பாக்கத்திலே பெருஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் காட்சி மாறிவிடுகிறது. குடிசை மாற்று வாரியம் கட்டிய தொடர்மாடிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. 15,000க்கு மேற்பட்ட வீடுகள். முதலிலே கட்டப்பட்டவை ஒவ்வொன்றும் 200 சதுர அடிக்கும் குறைந்தவை. நமது பாடசாலைகளின் வகுப்பறை ஒன்றினுள் அவற்றில் இரண்டை அடக்கிவிடலாம். அதற்குள்ளேதான் சமையலும் படுக்கையும் பிள்ளைகளின் படிப்பும் நோயாளியின் முனகலும் எல்லாம்.

இங்கே மக்கள் குடியேற்றப்படத் தொடங்கியதும் அதே 2000 ஆம் ஆண்டிலேதான். ஒரே சாலை, ஒரே ஆண்டு. ஒரு புறத்திலே கணினி மாளிகை. மறுபுறத்திலே நகரத்திலிருந்து அகற்றப்பட்டோரின் கூடு. யாராவது இருந்து திட்டமிட்டார்களா என்பது முக்கியமன்று. விளைவு கண்முன்னே நிற்கிறது. கண்ணாடி மாளிகையின் தரையைத் துடைக்கவும், வாயிலைக் காக்கவும், கழிவறையைக் கழுவவும் ஆட்கள் வேண்டும். அவர்கள் வேறு போக்கிடமற்றவர்களாய், கொடுத்த கூலிக்கு உடன்படுபவர்களாய் இருத்தல் வேண்டும். அத்தகையோரை அந்தச் சாலையின் ஓரத்திலேயே கொண்டுவந்து இறக்கியாயிற்று.

இவர்கள் யார்? கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் பக்கிங்காம் கால்வாயின் ஓரத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். சென்னைக்குத் துறைமுகம் கட்டியவர்களும், பாதை போட்டவர்களும், சாக்கடை அள்ளியவர்களும், வீட்டு வேலை செய்தவர்களும் இவர்களும் இவர்தம் முன்னோருமே. இவர்களுக்காகவென்றே 1970 இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைந்தது. அடுத்த ஆண்டிலே அதற்கான சட்டமும் பிறந்தது. ஏழையின் சிரிப்பிலே இறைவனைக் காண்பதென்பது அதன் தாரக மந்திரம். அந்தத் தொடக்க காலத்திலே வாரியம் செய்த காரியத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. குடிசை இருந்த மண்ணிலேயே, அல்லது அதற்கு அண்மையிலேயே, மாடி வீடுகள் எழுந்தன. ஏழைக்கும் நகரத்திலே இடமுண்டு என்னும் கொள்கை, குறைகளோடேனும், அக்கட்டடங்களில் இருந்தது. பின்னர் நகரத்து நிலத்தின் விலை ஏறியது. கொள்கை தளர்ந்தது. வீடு தருவதென்பது ஊரைவிட்டு அனுப்புவதற்கான மறுபெயராயிற்று. 2021 இல் வாரியத்தின் பெயரும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. குடிசை என்னும் சொல் பெயர்ப்பலகையிலிருந்து போயிற்று; குடிசைவாழ் மக்கள் நகரத்தின் நடுவிலிருந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர்க் குடங்களோடு வரிசையிலே நின்ற ஒரு பெண்மணியிடம் பேச்சுக் கொடுத்தோம். மயிலாப்பூருக்கு அருகே கால்வாய்க் கரையிலே பிறந்து வளர்ந்தவர். அங்கே நான்கு வீடுகளிலே பாத்திரம் துலக்கி வந்தார். நான்கும் கூப்பிடு தூரம். இடையிலே ஓடிவந்து பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டுப் போகலாம். இங்கே வந்தபின் இரண்டு வீட்டு வேலை கைநழுவிப் போயிற்று. மற்ற இரண்டுக்கும் விடியுமுன் பஸ் ஏறுகிறார்.

“வூடு குட்த்தாங்க சார், இல்லன்னு சொல்லல. ஆனா வேல அங்க கீது, வூடு இங்க கீது. நடுவுல நா பஸ்ஸுலயே கீறேன்.”

இந்த மூன்று வாக்கியங்களை நாம் குறித்து வைத்துக்கொண்டோம். நகர நிருமாணத்தைப் பற்றியும் மீள்குடியேற்றத்தைப் பற்றியும் எழுதப்படும் அறிக்கைகள் நூறு பக்கங்களிலே மறைப்பதை இந்த உழைப்பாளிப் பெண் மூன்று வாக்கியங்களிலே அம்பலப்படுத்திவிட்டார். உழைப்பவனுக்கு வீடு என்பது நான்கு சுவரும் கூரையும் மட்டுமன்று. வேலைக்கும் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் கடனாகக் கைமாற்றுத் தரும் அயலாருக்கும் இடையே அமைந்த ஓர் இடம். அந்த இடத்தைப் பறித்துக்கொண்டு சுவரையும் கூரையையும் மட்டும் கொடுப்பது எப்படிப்பட்ட கொடை? 2021 இலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்களிலே பெண்களுக்கு இலவசப் பயணம் அளிக்கப்பட்டிருப்பதை நாம் வரவேற்கிறோம். அவரது கூலியிலே கொஞ்சம் மிஞ்சுகிறது. ஆனால், நாள்தோறும் சாலையிலே கழியும் மணித்தியாலங்களை அவருக்கு யார் திருப்பித் தருவார்கள்?

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அந்தப் பெண்மணியின் தமிழைக் கேட்டு முகம் சுளிப்போர் நம்மிடையே உள்ளனர். 1960களின் தொடக்கத்திலே நமது நாட்டு முற்போக்கு எழுத்தாளர்கள் உழைக்கும் மக்களின் பேச்சை இலக்கியத்திலே எடுத்தாண்டபோது, பண்டிதர் சிலர் அதனை இழிசனர் வழக்கென்று தூற்றிய வரலாற்றை நாம் மறந்துவிடவில்லை. அதே காலத்திலேதான் அக்கரையிலே ஜெயகாந்தன் சென்னைச் சேரி மக்களின் வாழ்வையும் பேச்சையும் கதைகளாக்கினார். 1965 இல் ‘உன்னைப்போல் ஒருவன்’ திரைப்படமாகவும் வந்தது. அன்று பேச்சை இழிவென்றவர்களின் வாரிசுகள் இன்று முகவரியை இழிவென்கிறார்கள். கண்ணகி நகர் என்று முகவரி எழுதினால் வேலை கிடைப்பதில்லை, கடன் கிடைப்பதில்லை, எங்கே களவு நடந்தாலும் பொலிசார் தம் பிள்ளைகளையே முதலில் தேடி வருகிறார்கள் என்று அங்குள்ளோர் குமுறுகின்றனர். ஒரு நகரத்தின் ஏழைகளையெல்லாம் பல திசைகளிலிருந்தும் பிடுங்கி ஒரே இடத்திலே குவித்துவிட்டு, பிறகு அந்த இடத்தையே குற்றப் பிரதேசம் என்று பட்டஞ் சூட்டுவதைக் காட்டிலும் பெரிய குற்றம் எது?

ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு மிகவும் உறுத்திய விடயம் பிள்ளைகளைப் பற்றியது. இவ்வெளியேற்றங்கள் பள்ளிக்கூட விடுமுறையைப் பார்த்து நடப்பதில்லை. கல்வியாண்டின் நடுவிலே வீடு இடிபடும். லொறியிலே சாமான்களோடு பிள்ளையும் ஏறும். பழைய பாடசாலை எட்டாத தூரத்துக்குப் போய்விடும். புதிய பாடசாலையிலே இடமிருந்தால் இருக்கும். ஓராண்டு படிப்பை இழந்த பிள்ளை, அடுத்த ஆண்டு வேலைக்குப் போகிறது. 2022 மே மாதத்திலே, பொதுத் தேர்வுகள் நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே, இராஜா அண்ணாமலைபுரத்தில் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலிருந்த கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டன. முதியவர் ஒருவர் தம்மேல் தீயிட்டுக்கொண்டு மாண்டார். அதன் பின்னரே முதலமைச்சர் சட்டமன்றத்தில் எழுந்து, அம்மக்களுக்கு மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதிகளிலேயே மாற்று வீடு தரப்படும் என்று சொன்னார். அப்படியாயின், நகரத்துக்குள்ளேயே வீடு கொடுக்க முடியும் என்பது தெளிவாகிறது அல்லவா? முடியும் என்பதை ஒப்புக்கொள்ள ஓர் உயிர் எரிய வேண்டியிருந்தது. உயிர் எரியாத இடங்களிலே அது முடியாததாகவே இருந்து வருகிறது.

இதற்கு எதிர்வாதம் செய்வோரும் உளர். ஆற்றங்கரையிலே இருந்தால் வெள்ளம் வரும், 2015 டிசெம்பரிலே பார்க்கவில்லையா, அவர்களின் உயிரைக் காக்கவே அப்புறப்படுத்துகிறோம் என்பர். கேட்பதற்கு இனிய வாதந்தான். அந்த வெள்ளத்தின் பின்னர் கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுட் பலர் எங்கே அனுப்பப்பட்டனர்? பெரும்பாக்கத்துக்கு. பெரும்பாக்கமும், 2004 ஆழிப்பேரலையின் பின் கடலோர மக்கள் கொண்டுபோய் விடப்பட்ட செம்மஞ்சேரியும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் அதன் நீரோட்டப் பாதையையும் சார்ந்த தாழ்நிலங்கள். மழை பெருத்தால் அங்கே தெருவெல்லாம் நீர். வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி வெள்ளம் வடியும் வழியிலே கொண்டுபோய்க் குடிவைத்த அறிவுடைமையை என்னென்பது!

ஆக்கிரமிப்பு என்னும் சொல்லையும் கவனியுங்கள். கால்வாய்க் கரையிலே குடிசை போட்டவன் ஆக்கிரமிப்பாளன். அதே பக்கிங்காம் கால்வாயின் நடுவிலே தூண்களை நாட்டி, 1990களிலே மேம்பால ரயில் பாதை போட்ட அரசாங்கம் ஆக்கிரமிப்பாளன் ஆகாது. பள்ளிக்கரணைச் சதுப்பின் பெரும்பகுதி கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் பெருங்குடிக் குப்பைமேட்டுக்கும் இரையாயிற்று. எஞ்சிய பகுதியை 2022 இலே உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவித்துப் பெருமைப்பட்டாயிற்று. அந்தப் பெருங்கட்டடங்களின் சொந்தக்காரர்களை லொறியிலே ஏற்றியதாக நாம் கேள்விப்படவில்லை. ஆக, இங்கே குற்றத்தை நிர்ணயிப்பது நீரோட்டமன்று, வர்க்கம்.

இனி, நாம் பார்க்கப் போன ஓவியங்களுக்கு வருவோம். 2020 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, மாநகராட்சியின் ஒத்துழைப்போடும் வண்ணப்பூச்சு நிறுவனமொன்றின் ஆதரவோடும், உள்நாட்டு வெளிநாட்டு ஓவியர்கள் வந்து இத்தொடர்மாடிகளின் பக்கச் சுவர்களிலே மாபெரும் சித்திரங்களைத் தீட்டினர். சிரிக்கும் குழந்தைகள், உழைக்கும் பெண்கள், பறவைகள், பூக்கள். சென்னையின் முதலாவது ஓவிய வட்டாரம் என்று பத்திரிகைகள் எழுதின. அவற்றுட் சில உண்மையிலேயே சிறந்த ஓவியங்கள். வெயிலிலே சாரத்தின்மேல் நின்று உழைத்த ஓவியனை நாம் பழிக்கவில்லை. அவனுக்குத் துணையாகத் தூரிகை பிடித்த பிள்ளைகளின் மகிழ்ச்சியையும் நாம் இகழவில்லை. கலை மக்களிடம் போக வேண்டும் என்பது நாம் நெடுநாளாக முழங்கி வரும் கொள்கையே.

ஆனால், கலை மக்களிடம் போவது வேறு. மக்களின் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவன் கலையைத் திரையாக இழுத்துவிடுவது வேறு. ஓவியம் இருப்பது சுவரின் வெளிப்புறத்திலே. பார்க்க வருபவன் நம்மைப் போலத் தெருவிலே நின்று, அண்ணாந்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். உட்புறத்திலே ஒழுகும் கூரையையோ, வெடித்த மலக்குழாயையோ, ஐந்து பேர் நிமிர்ந்து படுக்க இடமில்லாத தரையையோ அவன் பார்ப்பதில்லை. நாமும் அரைமணி நேரம் அப்படித்தான் நின்றோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். குடம் சுமந்து வந்த பெண்மணிக்கு வழிவிட ஒதுங்கியபோதுதான் நமது பார்வை சுவரிலிருந்து இறங்கியது.

பெயரையும் சற்று நோக்குவோம். கண்ணகி யார்? அரசன் அவைக்களத்திலே சிலம்பை உடைத்து நீதி கேட்டவள். பொற்கொல்லன் சொல்லை நம்பி வழங்கப்பட்ட தீர்ப்பைப் பொய்யென்று நிறுவியவள். அதன் பின்னரும் சினம் தணியாது நகரத்தையே எரித்தவள். நகரத்திலிருந்து எறியப்பட்ட மக்களின் குடியிருப்புக்கு அவள் பெயரைச் சூட்டியவர்கள் காப்பியத்தைப் படித்திருப்பார்களா, அல்லது படித்தும் அஞ்சாதிருந்தார்களா என்பது நமக்கு விளங்கவில்லை.

1968 இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையிலே நிறுவப்பட்ட கண்ணகி சிலை, 2001 டிசெம்பரிலே அகற்றப்பட்டது. தமிழகமே கொதித்தது. புலவர்கள் அறிக்கை விட்டனர். கட்சிகள் கண்டனம் முழங்கின. கற்புக்கும் தமிழுக்கும் நேர்ந்த அவமதிப்பென்றனர். 2006 இலே ஆட்சி மாறியதும் சிலை மீண்டும் தன் இடத்துக்கு வந்தது. நல்லது. அந்த ஐந்தாண்டுகளிலேயும் கடற்கரைக்கு அண்மையிலும் கால்வாய்க் கரைகளிலும் வாழ்ந்த உயிருள்ள கண்ணகிகள் குழந்தை குட்டிகளோடு லொறிகளில் ஏற்றப்பட்டுக் கண்ணகி நகருக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களுக்காகக் கொதித்த புலவர் எத்தனை பேர்? கற்சிலை பீடத்துக்குத் திரும்பிவிட்டது. மனிதர்கள் தம் இடத்துக்குத் திரும்பவில்லை. இரு கழகங்களின் ஆட்சியிலும் லொறிகள் ஓடின என்பதையும் மறைக்காமற் சொல்லிவிட வேண்டும்.

கண்ணகியை நாம் அறிந்த விதம் வேறு. மட்டக்களப்பிலே வைகாசித் திங்களில் கண்ணகை அம்மன் கோயில்களின் திருக்கதவு திறந்து, ‘கண்ணகி வழக்குரை’ பாடி, முடிவிலே குளிர்த்திச் சடங்கு நடத்துவர். நீதி கேட்டு எரிந்தவளின் சினத்தைத் தணிக்கும் சடங்கு அது. சிங்கள மக்களும் அவளைப் பத்தினித் தெய்வமாக வணங்குகின்றனர். நமது கிராமத்துப் பாமரனுக்கு ஓர் உண்மை தெரிந்திருந்தது: அவளது வழக்கை முழுமையாக உரைத்த பின்னரே குளிர்த்தி செய்யலாம். சென்னையிலோ, வழக்கைக் கேளாமலே வண்ணத்தை ஊற்றிக் குளிர்த்தி செய்யப் பார்க்கிறார்கள்.

அந்த வழக்கு அடங்கிவிடவில்லை. 2025 ஒக்டோபரிலே பஃரெயினில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியிலே தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியிலே கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகா இடம்பெற்றிருந்தார். தமிழக அரசு 25 இலட்சம் ரூபா பரிசளித்தது. ஊர் கொண்டாடியது. தமது ஊரின் பெயரை ஒளிக்க வேண்டுமென்று பலரும் புத்தி சொல்லியிருக்கக்கூடிய ஒரு பெண், அந்தப் பெயரையே தம் பெயருக்கு முன்னே வைத்து நிமிர்ந்து நின்றார். “இப்படிப்பட்ட இடத்திலிருந்தா!” என்று வியந்தவர்களுக்கு நாம் ஒன்று சொல்வோம். வியப்பு அந்தப் பெண்ணிடத்தில் இல்லை. இப்படிப்பட்ட ஆயிரம் பிள்ளைகளின் ஆற்றலைப் பஸ்ஸிலும் தண்ணீர் வரிசையிலும் வீணாக்கிக்கொண்டிருக்கும் ஒரு சமுதாயம், ஒருத்தி தப்பி வந்ததும் அதற்குத் தானே காரணமென்று மாலை சூடிக்கொள்வதிலேதான் வியப்பு இருக்கிறது.

இதைப் படிக்கும் நண்பர்கள், இஃது இந்தியாவின் கதைதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடலாகாது. 2010 இலே நமது நாட்டில் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்திலே கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியிலே, படையினர் சூழ நிற்க, வீடுகள் இடிக்கப்பட்டன. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழ்ந்த கொழும்பின் தோட்டங்களிலிருந்து மக்கள் தெமட்டகொடையின் தொடர்மாடிகளுக்கு ஏற்றப்பட்டனர். கொழும்பை அழகுபடுத்துவதாகச் சொன்னார்கள். அழகு என்னும் சொல்லை ஆளும் வர்க்கம் எடுக்கும்போதெல்லாம், எந்த ஏழையின் வீடு இடியப்போகிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. மொழியும் கொடியும் வேறாயினும் நிலத்தின் விலை ஏறும்போது நடப்பது அங்கும் இங்கும் ஒன்றே. அதனை எதிர்க்க வேண்டியவர்களும் இரு கரையிலும் ஒரே உழைக்கும் மக்களே.

நமது ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வகுப்பிலே வழக்குரை காதையைக் கற்பிக்கும்போது, அணியிலக்கணத்தையும் அருஞ்சொற்பொருளையும் விளக்குவதோடு நின்றுவிடாதீர்கள். கண்ணகி இன்று வந்தால் எந்த அரண்மனை வாயிலிலே நின்று எதைக் கேட்பாள் என்று மாணவரைக் கேளுங்கள். சென்னைக்குப் போக வாய்ப்புக் கிடைக்கும் நண்பர்கள் கண்ணகி நகருக்கும் ஒருமுறை போய் வாருங்கள். சுவரைப் பாருங்கள், பிறகு தண்ணீர் வரிசையிலே நிற்பவர்களிடம், எங்கேயிருந்து வந்தீர்கள், வேலை எங்கே, பிள்ளை எந்தப் பாடசாலையிலே படிக்கிறது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன மொழியிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். இங்கே வெளியிடுவோம்.